இடது மெஷின், வலது மெஷின்

சுதாவின் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரு நாள் காலை 'கடக்' என்று கதவுக்குள் விழுந்தது. ஜூன் மாதம், போர்ட் பிளேரில் மழை தன் வேலையை முழு மூச்சாகத் தொடங்கியிருந்த நேரம். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் அவளுடைய வலது தோளும் வலது காதும் ஊறிவிட்டன. இடது பக்கம் மட்டும் இஸ்திரி கலையாமல் இருந்தது.

கல்வித்துறை அலுவலகத்தில் அவள் யுடிசி, மேல்நிலை எழுத்தர். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற பழைய வெள்ளைக் காரை, கணவன் நந்தகுமார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கியது அவள்தான். அதனால் அதில் எது கெட்டாலும் அவன் ஒரு வார்த்தையும் பேசமாட்டான். ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான். சுதாவுக்குப் பேச்சைக் கூடத் தாங்கிக்கொள்ள முடியும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது.

"மெக்கானிக்கிட்ட விடலாமே" என்றான் நந்தகுமார்.

"அவன் 'மெஷின் வாங்கிட்டு வாங்க, மாட்டித் தரேன்'னு சொல்வான். வாங்கறது நான்னா மாட்டறதும் நானே செய்யறேன்."

டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவர்கள் வீட்டு முற்றத்தில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபடி அவள் கார் கதவைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்புக் கைதான் குற்றவாளி. கடைக்காரர்கள் அதை விண்டோ மெஷின் என்பார்கள். அதன் பல் சக்கரம் தேய்ந்து, மழுங்கிய கொட்டைப்பாக்கு போல ஆகியிருந்தது. அதைக் கழற்றி வெளியே எடுத்தபோது, பிரசவம் பார்த்து முடித்தவள் போல சுதா பெருமூச்சு விட்டாள். கதவின் ஓட்டையில் ஒரு பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு மறுநாள் அலுவலகம் போனாள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் ஹாரன் கூடத் தேவைப்படவில்லை.

அபர்தீன் பஜாரில் வங்காளிக்காரர் பிஸ்வாஸ் தாதாவின் பார்ட்ஸ் கடையில் அந்த மெஷின் இல்லை.

"தீதி, ஜஹாஸ் ஆனே தோ" என்றார் அவர். கப்பல் வரட்டும். இந்த ஊரில் வெங்காயத்துக்கும் அதே பதில், வெல்டிங் கம்பிக்கும் அதே பதில். சுதா பொறுமையிழந்து ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். அதுவும் கப்பலில்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

பார்சல் வந்த அன்று அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து பிரித்தாள். பெட்டியின் மேல் வலது என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது இடது. கதவுக்குள் அதை நேராக வைத்துப் பார்த்தாள், கவிழ்த்து வைத்துப் பார்த்தாள், கோபத்தில் ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தாள். வலது காலில் இடது செருப்பைப் போட்டால் எப்படியோ அப்படி, எந்தத் துளையும் எந்த போல்ட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால், தீவுகளுக்கு ரிட்டர்ன் வசதி இல்லையாம். நந்தகுமார் அந்தப் பார்வையைப் பார்த்தான்.

மறுநாள் மாலை அவள் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி பிஸ்வாஸ் தாதாவிடம் போனாள். அவர் மெஷினைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"அரே! பாம்பூஃப்ளாட் வாலே கே பாஸ் உல்டா ஹை!"

அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்காரர் ஒருவரிடம் இதற்கு நேர் மாறாக இருக்கிறதாம். பதினைந்து நாளைக்கு முன்னால் அவர் கடைக்கு வந்து, வலது மெஷினை வைத்துக்கொண்டு இடது கிடைக்குமா என்று கேட்டாராம். அதே மாடல் கார்தான். தமிழர், கான்ட்ராக்டர். பெயரும் போன் நம்பரும் தாதாவுக்குத் தெரியாது. ஆனால் ஓர் அடையாளம் சொன்னார். காரின் இடது ஜன்னலில் ஒரு குடை விரிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறு காலை சுதா காரையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நந்தகுமாரும் கூட வந்தான். "சும்மா, ஒரு ரவுண்டு" என்றான். ஆனால் நடக்கப்போவதைப் பார்க்காமல் விட அவனுக்கு மனமில்லை என்பது அவளுக்குத் தெரியும். சாத்தம் துறையில் வண்டிகள் ஏறும் ஃபெர்ரியில் காரை ஏற்றினார்கள். பாதிக் கடலில் காற்று திரும்பிச் சாரல் அடித்தது. பாலித்தீன் கிழிந்தது. சுதா நனைந்தாள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நந்தகுமார் நனையவில்லை.

பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, முதல் டீக்கடையில் குடைக்கார் என்று வாயைத் திறந்ததும் கடைக்காரர் வழி காட்டிவிட்டார். மேட்டில் திரும்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நீலக் கேட்.

நீலக் கேட்டுக்குள் சுதாவின் காரைப் போலவே ஒரு வெள்ளைக் கார் நின்றது. இடது ஜன்னலில் கறுப்புக் குடை, மடித்து, கயிற்றால் கட்டித் தயாராக வைத்திருந்தது. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் பனியனோடு வெளியே வந்தார். அவர்தான் சிவப்பிரகாசம். பின்னாலேயே கை துடைத்தபடி அவர் மனைவி பொன்னம்மாவும் வந்தார்.

"வாங்க, வாங்க. யாரைத் தேடி வந்தீக?" என்றார் சிவப்பிரகாசம். பேச்சில் ராமநாதபுரம் அப்படியே இருந்தது.

சுதா பையிலிருந்து மெஷினை எடுத்து நீட்டினாள். "அண்ணே, உங்ககிட்ட வலது பக்க மெஷின் ஒண்ணு வந்திருக்குதாமே. எனக்கு இடது வந்துடுச்சு. மாத்திக்கலாமா?"

சிவப்பிரகாசத்தின் முகத்தில் முதலில் மகிழ்ச்சி வந்தது. உடனே அது வந்த வழியே போனது. அவர் கண்ணால் ஏதோ சாடை காட்டினார். சுதாவுக்குப் புரியவில்லை.

"வந்திருக்கா?" என்றார் பொன்னம்மா, மிக நிதானமாக. "ஏங்க, பார்சல் வரலைன்னீங்க?"

"அது வந்து..."

"கப்பல் லேட்டுன்னீங்க. புயல் சின்னம்னீங்க. மெட்ராஸ்லயே கப்பல் கிளம்பலைன்னு நேத்துக்கூடச் சொன்னீங்க."

அந்தமானில் கப்பல் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் மனிதர் இத்தனை நாளை ஓட்டியிருக்கிறார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு கட்டட வேலைச் சாமான் அறைக்குள் போனார். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"ஆர்டர் போடுறப்ப காருக்கு முன்னாடி நின்னு பாத்தேன்" என்றார் சிறிய குரலில். "நீ உக்கார்ற பக்கம் என் வலது கைப் பக்கமா இருந்துச்சு. வலதுன்னு போட்டுட்டேன்."

"நான் சொன்னேனா இல்லையா? காருக்குள்ள உக்காந்து பாருங்க, அப்புறம் போடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. அதான் சொல்ல வாய் வரல."

நந்தகுமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோழிகளைப் பார்க்கத் தொடங்கினான். இத்தனை மழையில் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்த பெண்மணி இப்போது என்ன செய்வாரோ என்று சுதா அவரையே பார்த்தாள். ஒரு குடும்பத்தில் நெருப்பு வைக்கவா கடல் தாண்டி வந்தோம்?

பொன்னம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் மூன்று டீ இருந்தது. சுதாவுக்கு ஒன்று, நந்தகுமாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

"நீங்க மாட்டி முடிச்சதும் உங்களுக்கு டீ" என்றார் கணவரிடம்.

"நானா? எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாதுண்ணே" என்றாள் சுதா. "கழட்ட மட்டும் தெரியும். மாட்டறதை இனிமேத்தான் பாக்கணும்."

இப்படியாக, தெரியாத இருவர் சிவப்பிரகாசத்தின் காரின் இடது கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். முதலில் கண்ணாடி சுற்றும் கைப்பிடி. அதைப் பிடித்திருப்பது பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கம்பி கிளிப். ஒரு துணியைப் பின்பக்கம் கொடுத்து இழுத்தால் அது கழன்று வரும். சுதா தன் கார் கதவில் செய்து பழகியவள்தான். ஆனால் சிவப்பிரகாசம் தன் குற்றத்துக்கெல்லாம் ஒரே இழுப்பில் பரிகாரம் செய்பவர் போல இழுத்தார். கிளிப் 'டிங்' என்று பறந்து முற்றத்தில் விழுந்தது. செம்பட்டைக் கோழி ஒன்று ஓடி வந்து அதைக் கொத்தித் தூக்கியது.

"ஐயோ, முழுங்கிறப் போகுது!" என்று கத்தினார் பொன்னம்மா.

பிறகு நடந்ததற்கு நந்தகுமார்தான் நாயகன். கையிலிருந்த டீயை மதில்மேல் வைத்துவிட்டு, ஒரு பக்கச் செருப்பு கழன்று விழ, காரைச் சுற்றி ஓடினான். கோழிக்கூட்டுப் பக்கம் ஓடினான். வாழைக்கு அடியில் குனிந்து நுழைந்தான். கோழி கேட்டுக்குப் போனபோது பொன்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே பாய்ந்தார். மிரண்ட கோழி வாயைத் திறந்து கத்தியது. கிளிப் விழுந்தது. சேறும் சிரிப்புமாக நந்தகுமார் அதைக் கொண்டுவந்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். அவன் முகத்தில் ஓரக்கண் பார்வை எதுவும் அப்போது இல்லை.

"அடுத்து என்ன கழட்டணும்?" என்று கேட்டான்.

கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தன. பழைய மெஷினை வெளியே எடுத்து, சுதா கொண்டுவந்த இடது மெஷினை உள்ளே நுழைத்தார்கள். அது ஒரு வழியாக உட்கார்ந்தது. போல்ட்டுகளை முறுக்கினாள் சுதா. கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி மேலே வந்தது, ஒரு பக்கம் தலை சாய்ந்து, பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"போச்சு" என்றார் சிவப்பிரகாசம்.

சுதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. விரல் நகத்துக்குள் கிரீஸ், முழங்கையில் கீறல், முதுகில் வியர்வை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். சரிசெய்துகொடுக்கிறேன் என்று வந்து இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ? போனை எடுத்து வீடியோவைப் பார்த்தாள். அதில் ஒரு பையன் ஒரே நிமிடத்தில் மாட்டிவிட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வீடியோவை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துக் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு தண்டவாளம் போல இருந்தது. மெஷினின் ஒரு சக்கரம் அதில் ஏறியிருந்தது. இன்னொன்று வெளியே தொங்கியது.

"அக்கா, கண்ணாடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க முடியுமா? அசையவே கூடாது."

பொன்னம்மா இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அணைத்துப் பிடித்தார். தட்டில் தீபம் ஏந்தியவர் போல அசையாமல் நின்றார். சிவப்பிரகாசம் மெஷினைத் தாங்கினார். சுதா விரலால் தடவித் தடவிச் சக்கரத்தை ஏற்றினாள். 'டொக்' என்று உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"இப்ப நீங்க சுத்துங்க அக்கா."

பொன்னம்மா முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி நேராக, வழுக்கிக்கொண்டு மேலே போய் அடைத்துக்கொண்டது. இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற கணவரைப் பார்த்துக்கொண்டே மீண்டும் முழுக்க ஏற்றினார். உள்ளே அவர் சிரித்தது கேட்கவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

இறங்கி வந்தவர் நேராக உள்ளே போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு சிவப்பிரகாசம், "சீனி போடலையே" என்றார்.

"கப்பல் இன்னும் வரலைங்க" என்றார் பொன்னம்மா.

சுதாவின் கார் அடுத்தது. அதற்குள் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. ஆனால் யாரும் நிறுத்துவதாக இல்லை. பொன்னம்மா குடையை அவிழ்த்து சுதாவின் தலைக்கு மேல் பிடித்தார். நந்தகுமார் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டு கொடுத்தான். பிறகு சரியாகவே கொடுத்தான். சிவப்பிரகாசம் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றும் வேலையைத் தானே செய்கிறேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த முறை கோணவில்லை. போன தடவை எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

மத்தியானம் மீன் குழம்பும் சோறும் போட்டு அனுப்பினார் பொன்னம்மா. "அடுத்து எங்க கார்ல ஹாரன் சரியில்லை" என்று கேட் வரைக்கும் வந்து சொன்னார். "பஜார்ல பாத்து வையி சுதா. இவரை அனுப்ப மாட்டேன், நானே வரேன்."

ஃபெர்ரிக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. மழை வெளுத்து வாங்கியது. இரண்டு பக்கமும் கண்ணாடி இறுக மூடியிருக்க, காருக்குள் பல நாளுக்குப் பிறகு மழைச்சத்தம் வெளியே தூரத்தில் கேட்டது. சுதா ஸ்டீயரிங்கில் கை வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காற்றில் கண்ணாடியெல்லாம் வெளிறி ஆவி படிந்தது. நந்தகுமார் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டான்.

"சுதா, புழுங்குது. கொஞ்சம் இறக்கேன்."

"இறக்க மாட்டேன்."

"ஒரு விரக்கடை."

"வீட்டுக்குப் போற வரைக்கும் இறக்க மாட்டேன்."

அப்போது மஞ்சள் மழைக்கோட்டு போட்ட டிக்கெட்காரர் வந்து, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். "மேடம், டிக்கெட்!"

சுதா கைப்பிடியைப் பிடித்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுற்றாக இறக்கினாள். சாரல் முகத்தில் அடித்தது. சீட்டை வாங்கிக்கொண்டாள். அதே நிதானத்தோடு கண்ணாடியை மேலே ஏற்றி முடித்ததும், முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.