வாசற்படி தாண்டாத காலடி

ஐசக் வெரில் பெண்டாட்டியை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகும், அவன் காலடிகள் தினமும் விடிகிற நேரத்தில் கட்டிலிலிருந்து ஈரமாகப் புறப்பட்டு வாசற்படி வரை வந்தன. படியைத் தாண்டவில்லை. இடது கால் கட்டைவிரல் இல்லாத காலடி; ஸ்கார்விக் ஊரில் அப்படியொரு கால் அவனுக்கு மட்டும்தான். அவன் பெண்டாட்டி டோர்கஸ் அதைத் துணியால் துடைத்துவிட்டு அடுப்பை மூட்டுவாள்.

தப்பு ஊர் வழக்கத்தினுடையது. அந்த யார்க்‌ஷயர் கடற்கரையில் மீனுக்குப் போகிறவன் போகிறேன் என்று சொல்லமாட்டான், அவன் பெண்டாட்டியும் போய் வா என்று சொல்லமாட்டாள். சொன்னால் படகு திரும்பாது. சாப்பாட்டை எடுத்துக்கிட்டியா என்று மட்டும் கேட்பாள். ஐசக் போன அன்றைக்கும் டோர்கஸ் அதைத்தான் கேட்டாள். அவன் தலையாட்டி, ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கட்டிய துணியை வாங்கிக்கொண்டு, படகுத்துறைக்குப் போகாமல் மேட்டுப் பாதை ஏறி ரயிலடிக்குப் போனான். லீட்ஸில் வேறொருத்தியோடு இருப்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் வாசலில் மறித்துச் சண்டையாவது போட்டிருப்பாள். இங்கே வேலைக்குப் போகிறவனும் ஓடிப்போகிறவனும் ஒரே மாதிரிதான் வெளியே போவார்கள். எட்டாம் வருஷம் அவன் அங்கேயே காய்ச்சலில் செத்ததாகக் கடுதாசி வந்தது. காலடி நிற்கவில்லை.

ரொட்டிக்கடை மாத்யூ தீக்கர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், டோர்கஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் புருஷன் நடமாடும் வீட்டில் எப்படி? அக்காள் வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தாள். அவள் கண் விழிப்பதற்குள் காலடி அங்கேயும் வந்திருந்தது.

சொல்லாமல் போனவனைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. இங்கிலீஷ்காரனிடம் அதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? போவதற்கு நூறு வைத்திருக்கிறான், திரும்பி வருவதற்கு ஒன்றோ இரண்டோ. சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதற்குக்கூட ‘பிரெஞ்சு லீவ்’ என்று ஒரு சொல்லை வைத்து, பழியைப் பிரெஞ்சுக்காரன் தலையில் கட்டியிருக்கிறான். பாதிரியார் அடக்கச் சொற்களை ஓதினார். கூலியை வாங்கிக்கொண்டு போனார், வேறொன்றும் போகவில்லை. மாலுமிகள் நங்கூரம் எடுக்கும் சொல்லைக் கத்தினார்கள். பக்கத்து வீட்டு பெக், புருஷனை விரட்டி விரட்டிப் பழகியவள், துடைப்பத்தோடு வந்தாள். “டேய் ஐசக்! இடத்தைக் காலி பண்ணுடா! உயிரோட இருந்தப்பதான் ஒண்ணுத்துக்கும் ஆகல, செத்தும் தரையை நாறடிக்கிறியே!” மறுநாள் காலடி இன்னும் ஈரமாக இருந்தது.

கடைசியில், பெண்டாட்டி வாயால்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். விடிகிற நேரத்துக்கு மாத்யூ வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி அடுப்போரம் நின்றான்.

“ஒரே ஒரு வார்த்தை, டோர்கஸ். போன்னு சொல்லிடு. நான்தான் பக்கத்துல நிக்கிறேனே.”

ஈரம் கட்டிலடியில் தோன்றியது. ஒவ்வொரு அடியாக மேசையைச் சுற்றி வந்து, படியருகே நின்றது. டோர்கஸ் வாயைத் திறந்தாள்.

“சாப்பாட்டை எடுத்துக்கிட்டியா?” என்றாள்.

மாத்யூ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் போறேன், டோர்கஸ். ஹல் ஊர்ல மக ரொம்ப நாளா கூப்பிடறா. இனிமே வரமாட்டேன். உடம்பைப் பாத்துக்க.”

அவன் மீன்காரன் இல்லை, சொல்லலாம். காலடிகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து வெளியே போனான். சொல்லிவிட்டுப் போனதால் அவனில் எதுவும் அந்த வீட்டில் மிஞ்சவில்லை. அவன் நின்ற இடத்தில் இருந்த மாவு வாசனைகூட மத்தியானத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் டோர்கஸ் துணியை எடுக்கவில்லை. படிக்கல் தேய்ந்திருக்கிறது, வழுக்கும் என்று ஒரு பழைய சாக்கை விரித்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் இருந்த இருபத்தாறு வருஷமும் தினமும் காலையில் சாக்கு நனைந்திருந்தது, வீட்டுக்குள் இருக்கிற பக்கம் மட்டும்.