ஒரே அளவுக் கையுறைகள்

பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்தபோது அவளுடைய வலக்கைப் பெருவிரல் சுரீரென்றது. வலிக்கட்டும் என்று விட்டாள். அந்த வலிக்கு விடைகொடுக்கப் போகிற பொருள் அல்லவா உள்ளே படுத்திருக்கிறது. தாளை விலக்கினாள். பல் பிடுங்கும் குறடு, புதுக் கருக்கு அழியாமல் மின்னியது. முனையில் மாற்றமில்லை, மாற்றமெல்லாம் கைப்பிடியில். விரல்கள் பதிந்து உட்கார நான்கு குழிவுகள், பெருவிரலுக்கென ஒரு சாய்வான மேடை, எச்சில் பட்டாலும் வழுக்காத கறுப்புப் பூச்சு. ஒவ்வொன்றும் அவள் கேட்டது.

பல் மருத்துவராகப் பட்டம் பெற்ற நாள்முதல் அவள் பிடித்த குறடுகள் எல்லாம் அவளுடையதைவிடப் பெரிய கைக்காக வார்க்கப்பட்டவை. ஆனால் கருவியை எவரும் குறை சொன்னதில்லை, கையைத்தான் சொன்னார்கள். பொருந்தாத செருப்பைக் கொடுத்துவிட்டு, இவளுக்கு நடக்கத் தெரியவில்லை என்று நகைக்கும் உலகம் இது. விரிந்து நிற்கும் பிடிகளை விரல் நுனியால் எட்டிப் பிடித்து, கடைவாய்ப் பல்லின் பிடிவாதத்தையெல்லாம் பெருவிரலின் அடிமூட்டில் ஏற்றினாள். மூட்டு தேய்ந்தது. இதே குறட்டோடு இன்னும் மல்லுக்கட்டினால் பேனா பிடிக்கவும் கை மறுக்கும் என்றார் எலும்பு மருத்துவர். கணவரும் பல் மருத்துவர்தாம். தன் கைக்கென்றே ஒரு குறடு செய்யச் சொல்லப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அவர் கனிவோடு ஒரு வழி சொன்னார்.

"புதுசு சரியா வரலைன்னா நீ பல் எடுக்கறத விட்டுடு. கிளீனிங் மட்டும் பாத்துக்கோ. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

பல்லுக்கு அச்செடுக்கும் மாவிலேயே தன் கைக்கு அச்செடுத்தாள். பழைய குறட்டின் பிடியைச் சுற்றி மாவை அப்பி, அசைய மறுக்கும் பல்லொன்றை எதிரே நினைத்துக்கொண்டு இறுக்குவாள். மாவு கெட்டிப்படும்வரை அந்தப் பிடி தளரக்கூடாது. வலித்தால் உரித்தெறிந்துவிட்டு மறுபடியும் பிசைவாள். பெருவிரல் வலியின்றி ஓய்ந்து உட்கார்ந்த அச்சு ஒன்று ஒரு மாலையில் வாய்த்தது. கருவி நிறுவனத்துக்கு அது போயிற்று. கூடப் போன கடிதத்தில் கணவர் கையெழுத்திட்டார். மருத்துவமனை அவர் பெயரில் இருந்தது.

இப்போது புதுக் குறட்டை எடுத்து விரல்களை மூடினாள். சுண்டுவிரல் தன் குழிவைத் தேடி வெறும் பூச்சைத் தடவியது. பெருவிரல் மேடையின் விளிம்போடு நின்றுவிட்டது. வடிவம் அவளுடையது. அளவு வேறு எவருடையதோ.

"குடு பாக்கலாம்" என்று கணவர் வாங்கினார். மூடினார். ஐந்து விரலும் வீடு திரும்பியவைபோல் அமர்ந்தன. "அடடா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே."

"எனக்கு எட்டலீங்க."

"நாலு நாள் பழகு. எல்லாம் எட்டும்."

"பழகறதுக்கா செய்யச் சொன்னோம்? அது என் கையோட அச்சு. எனக்கே ஏன் பெருசா இருக்கு?"

முன்மேசையில் நோயாளிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முகம் சற்று வெளிறியது.

"அண்ணி, போன மாசம் அந்தக் கம்பெனிக்காரர் ஃபோன் பண்ணாரு. அச்சு ரொம்பச் சின்னதா இருக்கு, மாவு சுருங்கிடுச்சோ என்னமோ, டாக்டர் கிளவுஸ் என்ன சைஸுன்னு கேட்டாரு. நான் டப்பாவைப் பாத்து லார்ஜுன்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் அதைத்தானே அண்ணி போடறீங்க?"

அவளால் மறுக்க முடியவில்லை. மருத்துவமனை திறந்த அன்று கணவர் கைக்கு வாங்கிய அளவு. ரெண்டு சைஸ் வாங்கி எதுக்குக் குழப்பம் என்று அன்று அவர் சொன்னதே சட்டமாகி நின்றது. அண்ணன் சட்டையை அண்ணி மாட்டின மாதிரி இருக்கு என்று நாத்தனார் கேலி செய்யும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்து, மணிக்கட்டில் ஒரு நாடா சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். எவனும் திட்டமிடவில்லை, எவனும் சதி செய்யவில்லை. ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே போதும் என்கிற அளவுக்கு ஏற்பாடு கச்சிதமாக இருந்தது.

"திருப்பி அனுப்பலாமா?"

"எஃகு அச்சு வெட்டியாச்சுன்னு எழுதியிருக்கான். இனிமே கை வைக்க மாட்டானுங்க." கணவர் குறட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விடும்மா. வெளியே ஆள் காத்திருக்காரு."

கன்னம் வீங்கிய லாரி ஓட்டுநர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தார். "ராத்திரி பூரா பல்லோட பேச்சுவார்த்தை நடத்திட்டேன் டாக்டரம்மா. வரமாட்டேங்குது. நீங்களே பேசுங்க."

அவள் சிரித்தாள். மரத்துப்போக ஊசி போட்டாள். கையுறை மாட்டி, நாடா சுற்றி, புதுக் குறட்டை எடுத்தாள். பல்லைக் கவ்வச் செய்தாள். ஆனால் பிடியை முழுதும் மூட வலக்கை ஒன்றால் ஆகவில்லை. தாடையைத் தாங்கியிருந்த இடக்கை, தான் விடக்கூடாத இடத்தை விட்டு, வலக்கைக்கு உதவ எழுந்தது. தாங்கலற்ற தாடை வெட்டி இழுபட, அவர் முனகினார். பெருவிரல் மூட்டில் நெருப்பு ஓடியது. ஓய்ந்தாள், மீண்டும் முயன்றாள். பல் அசைந்ததே தவிர வரவில்லை.

"நகரு" என்றார் பின்னால் கணவர். கடுமையில்லாத குரல்.

நகர்ந்தாள். தாடையை மட்டும் தாங்கிக்கொண்டாள். அவர் கை ஒருமுறை சுழன்றது. பல் தட்டில் விழுந்தது.

"பூவாட்டம் வந்துடுச்சு பாத்தியா? பிரமாதமான டிசைன்மா."

பஞ்சைக் கடித்தபடி ஓட்டுநர் குழறினார். "அம்மா பேசினா கேக்கல. ஐயா ஒரு வார்த்தை சொன்னாரு, கெளம்பிடுச்சு." கணவர் வாய்விட்டுச் சிரித்தார். கதவருகே நின்ற நாத்தனாரும் சிரித்து, அண்ணியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் குப்பைக்கூடைக்கு மேலே நின்று மணிக்கட்டின் நாடாவைப் பிரித்தாள். கையுறையை இழுத்துக் கழற்றவேண்டியதில்லை, என்றுமே வேண்டியிருந்ததில்லை. கையைத் தாழ்த்தினாள். அது தானே நழுவி விழுந்து, ஐந்து விரலும் விரிந்தபடி, கூடைக்குள் மல்லாந்து கிடந்தது.