காதுக்குள் இரைச்சல்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் சிவராஜுக்கு ஒன்றரை வருடமாக இடது காதில் ஓயாத இரைச்சல். பக்கத்தில் நின்ற லாரியின் டயர் வெடித்த அன்று பிடித்தது. தறி ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. நின்றதும் 'ஙீ' என்று கிளம்பிவிடும். பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதன்பின் யார் என்ன பேசினாலும் எரிந்து விழுந்தார் சிவராஜ்.

செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் காலை ஆறு மணிக்குத் தியானம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி புவனேஸ்வரிதான் அவரை அனுப்பினாள். நடத்தியவள் சுகாசினி, முப்பது வயது நர்ஸ்.

"எத்தினி நாள்ல நிக்கும்மா?" என்றார் முதல் நாளே.

"தெரியாதுண்ணா. உக்காருங்க, மூச்சு வர்றத பாருங்க. அவ்ளோதான்."

சிவராஜ் மூச்சைப் பார்க்கவில்லை. நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அது பெருத்தது. பதினெட்டாம் நாள் பாயைச் சுருட்டினார்.

"முன்ன விட ஜாஸ்தியா இருக்குதும்மா. எனக்கு இது சரிப்படாது."

"வேணாம்னா வுட்டுடுங்கண்ணா. ஆனா இத்தினி நாளா உக்காந்துக்கினு இருந்தீங்களா, நிக்குதா நிக்குதான்னு காவல் காத்துக்கினு இருந்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று மாடியிறங்கிவிட்டார்.

பஸ் வர நேரமிருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்து, இனி இதில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற அலுப்பில் சும்மா கண்ணை மூடினார். மூச்சு வந்தது, போனது. இரைச்சல் இருந்தது. கூடவே காக்கை கத்தியது, யாரோ பால் கேனை இறக்கினார்கள், முழங்கால் வலித்தது. எதையும் விரட்ட அவருக்குத் தோன்றவில்லை. கண்டக்டர் விசிலடித்த பிறகுதான் ஓடிப்போய் ஏறினார்.

மறுநாள் மறுபடி மாடியேறினார். சுகாசினி நகர்ந்து இடம் விட்டாள்.

இரைச்சல் போகவில்லை. சில நாள் சன்னமாக இருக்கும், சில நாள் காதைப் பிளக்கும். அவர் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் தான் யாரிடமும் கத்துவதில்லை என்று புவனேஸ்வரி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

ஆடியில் ஒரு நாள் அவளும் கூட வந்தாள். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கீழே இறங்கியதும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாங்க, எனக்கு ஒண்ணுமே ஆவலியே?"

"எனக்கும்தான்," என்று சிரித்தார் சிவராஜ்.

கடையில் இரண்டு டீ சொன்னார். அவள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நாளைக்கும் வரேன்," என்றாள்.