சுவக்கீனை யாரென்று சொல்கிறார்கள்

இந்த மாத அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். உடும்பஞ்சோலையில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபம் சொல்வோம். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டு ஆண்மகன் நற்செய்தியை விளக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சுவக்கீனுக்கு வாய் உண்டு, விளக்கம்தான் கிடையாது.

என் கவலை வேறு. அவருடைய தம்பி ஜின்சன் பக்கத்து வீடு. வேலியோரப் பலாமரத்தில் இவர் கிளையை வெட்டப் போக, அந்த நிழலை நம்பி நின்ற தம்பியின் ஏலச்செடிகள் கருகிப்போயின. “கிளைதானே” என்றார் இவர். ஒரு வருடமாகப் பேச்சில்லை. கூட்டத்துக்காவது அவன் எங்கள் வாசலை மிதிப்பானா என்பதுதான் அது.

அன்றைக்கு வந்த நற்செய்திப் பகுதியும் லேசானதில்லை. மக்கள் என்னை யாரென்று சொல்கிறார்கள் என்று இயேசு சீடர்களைக் கேட்கிறார். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேதுரு மட்டும், நீர் கடவுளின் மகன் என்கிறார். இது மனுஷர் சொல்லி உனக்குத் தெரிந்ததல்ல, என் தந்தை வெளிப்படுத்தியது என்கிறார் இயேசு.

“செஞ்சு பாத்தாத்தான் வெளங்கும்” என்று கிளம்பிவிட்டார் என் வீட்டுக்காரர். அவர் எஸ்டேட் சூப்பர்வைசர். சாயங்காலம் கூலிக்காகப் பச்சை ஏலக்காயை எடை போடும்போது, காய் எடுத்து வந்த பெண்களிடம் வரிசையாகக் கேட்டிருக்கிறார்: “ஊர்ல என்னய யாருன்னு சொல்லுதாக?”

தங்கமான மனுஷன் என்றாளாம் ராமலட்சுமி. தெய்வம் என்றாளாம் நாச்சம்மாள். வீடு திரும்பியவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“தராசு உங்க கையில இருக்கு. எவ நெசத்தச் சொல்லுவா?” என்றேன்.

“ஒனக்குப் பொறாமை” என்றார்.

கூட்டத்துக்கு ஜின்சன் வந்தான். அவன் மனைவி ஜிஜி இழுத்து வந்திருக்க வேண்டும். கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்தார். இயேசுவைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் தன்னைப் பற்றி. தங்கம் வந்தது, தெய்வம் வந்தது. எனக்கு அடுப்படியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்பியத் தலைவி செபமாலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“அது ஊர்க்காரக சொன்னது. பேதுரு மாதிரி கூடவே இருந்து பாத்தவுக என்ன சொல்லுதாக?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் கதவோரத்திலிருந்து ஜின்சன் வெடித்தான்.

“பிடிவாதக்காரன்! தப்புன்னு தெரிஞ்சாலும் ஒத்துக்கிட மாட்டான். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப டாக்டரத் தேடி கம்பம்மெட்டு வரைக்கும் மழையில தூக்கிட்டு நடந்தவனும் இவன்தான். தெய்வமாம்! எங்க அண்ணன், அவ்வளவுதான்!”

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். இதை அவன் வாயில் வைத்தது யாரென்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. தங்கமும் தெய்வமும் தொடாத இடத்தில் அந்த ‘அண்ணன்’ போய்த் தொட்டது. என் வீட்டுக்காரர் நின்றபடியே அழுதார்.

“லேய், அந்தக் கிளைய வெட்டியிருக்கக் கூடாதுலே.”

“ஒரு கிளையா? ரெண்டுல்லா வெட்டுன!”

“ஒண்ணுதாம்லே!”

“ரெண்டு!”

செபமாலையம்மாள் முடிவுப் பாட்டைத் தொடங்கியும் இருவரும் நிறுத்தவில்லை. ஜிஜி அடக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஏங்கியிருக்கிறேன். பாடுகிறவர்கள் பாடட்டும், இவர்கள் கத்தட்டும்.