பாவு முடியட்டும்

என் வீட்டுக்காரர் தேவசகாயம் உலகப் பற்றை விட்டது 1971ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து விரத நாட்களில். அவர் விட்டதில் இடுப்பு ஒடிந்தது எனக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், "உங்கள் இருதயம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதைக் கர்த்தருக்காக விட்டுவிடுங்கள்" என்று பிரசங்கம் பண்ணினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ரேடியோவைத் தூக்கி எதிர்வீட்டு முருகேசனிடம் கொடுத்தார். அடுத்த வாரம் மர நாற்காலி போயிற்று. அதற்கடுத்த வாரம் சுவர்க் கடிகாரம். அது என் அப்பா கல்யாணத்தில் எனக்குக் கொடுத்தது! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என் சீதனத்தை எடுத்துக் கொடுத்து இவர் மோட்சத்துக்கு வழி பண்ணிக்கொண்டார். மணி என்ன என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேட்பது என் பிழைப்பாயிற்று.

நெசவுக்காரர்கள் இருக்கும் எங்கள் பிள்ளையார்பாளையமே, "தேவசகாயம் சாமியாரா பூட்டாராமே" என்று சிரித்தது. சர்ச்சிலோ பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பிடி ஒரு புருஷன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும் இந்திராணி" என்றார்கள். எனக்கு வாயில் நன்றாக வந்தது. ஆண்டவர் சந்நிதி என்று விழுங்கிக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், ராகேல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். மே மாதக் கடைசியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. ஜூன் பதினாலு, திங்கட்கிழமை சேர வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். கடிதத்தை அவள் அப்பாவிடம் கொடுத்தாள்.

இவர் தறியில்தான் உட்கார்ந்திருந்தார். எங்களுடையது கோர்வைப் புடவை. குறுக்கு நூலை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்குத் தனி. வலது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பத்து வயதிலிருந்து ராகேல்தான் அப்பா பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவள். இவர் கடிதத்தை இரண்டு தரம் படித்து, பைபிளுக்குள் வைத்தார்.

"பாவு முடியட்டும். அனுப்பறேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்தப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழையில், கடைசிப் புடவைதான் ஓடிக்கொண்டிருந்தது. ராகேலை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்து நாடா தள்ளினேன். கரை பல்லிளித்தது. "உனக்கு இது வராது, எழுந்திரு" என்றார். வராதுதான், ஒத்துக்கொள்கிறேன். அவளே உட்கார்ந்து நெய்து கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் புடவையை அறுத்தார்கள். நான் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

தகரப் பெட்டியோடு திரும்பி வந்து பார்க்கிறேன், தறிக்குப் பின்னால் பரசுராமன் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தெருவில் பாவு பிணைப்பது அவர் தொழில். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புடவையை அறுத்தாலும் பழைய பாவின் நுனி தறியிலேயே நிற்கும். அதோடுதான் புதுசைப் பிணைப்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தறியில் பாவு முடிந்ததே கிடையாது. இருபது வருஷம் அந்தத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றியவள் ஏமாந்திருக்கிறேன் பாருங்கள்!

"இன்னாங்க இது? பாவு முடிஞ்சா அனுப்பறேன்னு சொன்னீங்களே?"

"எங்க முடிஞ்சிச்சி? பிணைச்சிக்கினு இருக்குதுல்ல?"

"அடப் பாவி மனுஷா! பைபிள் படிக்கிற வாயா இது? ரேடியோவ விட்டீங்க, நாற்காலிய விட்டீங்க, எங்கப்பன் குடுத்த கடியாரத்த விட்டீங்க. பொண்ண மட்டும் புடிச்சிக்கினு கீறீங்களே!"

"நர்சு வேல, சம்பளம், அதெல்லாம் உலக ஆசைமா."

"நோவாளிக்குப் பீ மூத்திரம் அள்ளிப் போடறதுல இன்னா உலக ஆச வேண்டிக் கெடக்குது?"

அடுப்படி வாசலில் நின்ற ராகேல், "நாளன்னைக்கு சேரணும்பா" என்றாள்.

இவர் தலையைத் தூக்கவில்லை. "ரேடியோ மேல எனக்கு ஆசையே கெடையாது இந்திராணி. கடியாரத்து மேலயும் இல்ல. விட்டேன். சபையில எல்லாரும் மெச்சிக்கினாங்க, நல்லா இருந்துச்சி. இவள விடறதுக்குத்தான் மனசு வரல."

"ஜெபம் பண்ணிப் பாக்கறதுதானே? எல்லாத்துக்கும் முட்டி போடறீங்களே!"

"இதுக்கு மட்டும் பண்ணல. பண்ணா, விடுன்னு சொல்லிடுவாரே."

சொல்லிவிட்டு அழுதார். அழுகிற மனுஷனை எப்படித் திட்டுவது? அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

இவர் எழுந்தார். மாடத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். நான் என்னவோ ஏதோ என்று பார்ப்பதற்குள், தறியில் கோத்திருந்த பழைய பாவின் இழை மொத்தத்தையும் கைப்பிடி கைப்பிடியாக நறுக்கினார். பரசுராமன், "அண்ணே! இன்னாண்ணே பண்ற!" என்று அலறிக்கொண்டு எழுந்தார்.

"பாவு முடிஞ்சிடுச்சி. பொட்டிய கட்டும்மா ராகேலு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "போன்னு வாயால ஒரு வார்த்த சொன்னா ஆவாதா? இதுக்கு எதுக்கு அறுக்கணும்? இனிமே நாலாயிரம் இழைய எவன் கோக்கறது?"

"வாயால சொன்னா மறுபடியும் மாத்திப் பேசுவேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை வேலூர் பஸ்ஸில் ராகேலுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் வெளியே நின்று, எண்ணெய் வைக்காமல் இருக்காதே, பெட்டிச் சாவியைக் கழுத்திலேயே போட்டுக்கொள், கண்டவர்களிடம் வாய் கொடுக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இவர் தள்ளி நின்று வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் உறுமியதே தவிர நகரவில்லை.

"யம்மா, கைய எடும்மா! வண்டி போவ வாணாமா?"

கண்டக்டர் யாரை இப்படிக் கத்துகிறார் என்று பார்த்தேன். என்னைத்தான். ஜன்னல் கம்பியோடு ராகேலின் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவளை அனுப்பத்தானே சனிக்கிழமை ஊரைக் கூட்டினேன்? எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரல் பிரியவில்லை.

"அம்மா, வலிக்குதும்மா" என்றாள் ராகேல்.

இவர் பக்கத்தில் வந்தார். சிக்குப் பிரிப்பதுபோல என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தார். சுண்டுவிரல்தான் கடைசியாக வந்தது.