ரிப்போர்ட் தராத பெட்டி

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதிக்காக, கம்ப்யூட்டர்களுக்குள் வைரஸ் புகாமல் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு.

கடைகள் அனுப்பிய விலைப்பட்டியல்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். ஒன்றில் பெட்டி மலிவு, வருடச் சந்தா கொள்ளை. இன்னொன்று சந்தா கட்டாவிட்டால் வெறும் டப்பாவாம். ஒன்றில் 'இருபத்தைந்து பேர் வரை' என்று போட்டிருந்தது. மீதிப் பத்தொன்பது பேருக்கு நான் எங்கே போவேன்? படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்தது.

இதெல்லாம் எதற்கு என்றால், போன மாதம் 'சம்பள உயர்வுப் பட்டியல்' என்று எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. யாரோ அதைத் திறக்கப் போய், வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டரில் இருந்த வரைபடங்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. முதலில் கத்தியவர் வரைபடம் போடும் அண்ணன். கத்தியவர்தான் திறந்திருப்பார் என்று முடிவுகட்டி, மாதக் கடைசியோடு அவரை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. உண்மையில் திறந்தவள் நான். அன்றிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"தடுக்கிறதுல ஒண்ணும் இல்லைங்க. விலை கூடினதுல மட்டும், யாரு எதைத் திறந்தாங்கன்னு தினமும் ரிப்போர்ட் வரும்."

நடந்து முடிந்ததை அது காட்டாதுதான். ஆனாலும் பயமாக இருந்தது.

எந்தப் பெட்டி என்று முடிவுகட்ட, எல்லோரையும் உட்காரவைத்துக் கை தூக்கச் சொன்னார் முதலாளி. விலை வித்தியாசம் ஒரு நாற்காலிக்குக்கூடக் காணாது. ரிப்போர்ட் வேண்டாம் என்று நான் கை தூக்கினேன். கணக்கு பார்க்கும் அக்காவும் தூக்கினார். மற்ற இரண்டு பேரும் தூக்கினார்கள். முதலாளியின் கை எங்களுக்கு முன்பே மேலே போயிருந்தது.

ரிப்போர்ட் வேண்டும் என்றவர் அண்ணன் ஒருவர்தான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த மெயிலைத் திறந்தது நான்தான்."

"நானுந்தான்," என்று மென்று விழுங்கினார் அக்கா. மற்ற இருவரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளும் நான் ஒருத்தி மட்டுமே பாவி என்று நினைத்திருந்தேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நான் போடாத பட்டியலை யாரு போட்டாங்கன்னு பாக்கத்தான் நானும்..." என்று இழுத்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ எங்கயும் போக வேண்டாம்யா. ஆமா, நீ மட்டும் ஏன் திறக்கல?"

"அதுல என் பேரு இருக்காதுன்னு தெரியும் சார்," என்றார் அண்ணன்.