வியன்னா கண்டக்டர்

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தணிகைவேல் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தணிகைவேல் என்பார்கள். ஆந்திரா என்றாலும் திருத்தணி பக்கத்திலேயே இருக்கிற ஊர், தடுக்கி விழுந்தால் ஒரு தணிகைவேல் மேல்தான் விழவேண்டும். வியன்னா தணிகைவேல் என்று சொல்லிவிட்டீர்களா, ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். ரிட்டையர் ஆகிவிட்டார், குரல் இன்னும் ஆகவில்லை. மகள் அகிலா ஆஸ்திரியா நாட்டில், வியன்னாவில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் முடிந்த கையோடு அவரும் மனைவி ருக்மணியும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான் கதை. அன்றிலிருந்து ஜெர்மன் பேசுகிற எந்த ஊருக்கு யார் கிளம்பினாலும், ஜெர்மனியோ சுவிட்சர்லாந்தோ, முதலில் தணிகைவேல் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் பெட்டி கட்டினார்கள். இப்போதுதான் தெருவுக்கு நாலு பிள்ளைகள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்களே.

"ஞாயித்துக்கெழம கடையே இருக்காது. சனிக்கெழமயே பாலு, தயிரு வாங்கி வச்சிக்கணும்" என்பார். "ரோட்ல காக்கா குருவி இல்லன்னாலும் சிக்னல்ல செவப்பு பொம்ம எரிஞ்சிக்கினு இருந்தா தாண்டக் கூடாது. தண்ணி கேட்டா சோடா குடுப்பான். கொழாத் தண்ணின்னு சொல்லிக் கேளு. அந்த ஊர்ல கொழாத் தண்ணி தேனு மாதிரி." டிராம் வண்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மிவிடும். "கண்டக்டரே கெடையாது. டிக்கெட்ட நாமளே வாங்கி, நாமளே மிஷின்ல குத்திக்கணும். அப்போ எவன்யா விசில் ஊதறது?"

கேட்கிறவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தணிகைவேல் வியன்னாவைப் பார்க்கவே இல்லை.

போன முதல் நாள் காலை, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்ததும் மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஷூ போட்டுக்கினு போங்க" என்று ருக்மணி சொல்லச் சொல்ல, ரப்பர் செருப்போடு போனைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க இறங்கினார். வாசல்படியில் பனி உறைந்து கிடந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர் ஒல்லியான ஆள்தான், விழுந்த சத்தம் மட்டும் ஆனை விழுந்த மாதிரி இருந்தது.

கணுக்கால் பூசணிப் பிஞ்சாக வீங்கிவிட்டது. மருமகன் சுனில் காரைக் கிளப்பத் தயாராக நின்றான். "ஆஸ்பத்திரி பக்கத்துலதான் மாமா."

"மாப்ள, நான் எந்த ஊரு?"

"புத்தூரு."

"கை கால் ஒடிஞ்சவன் பெங்களூர்லேர்ந்து, மெட்ராஸ்லேர்ந்து வண்டி கட்டிக்கினு எங்க வர்றான்?"

"புத்தூருக்குத்தான்."

"அந்தப் புத்தூர்க்காரன் கால வெளியூர்க்காரன் கட்டினான்னு தெரிஞ்சா, நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு பஜார்ல நடப்பேன்? இருக்கட்டும். ஊருக்குப் போயி கட்டிக்கிறேன்."

மகள் அழுதாள், மருமகன் கெஞ்சினான். கொல்லன் தெருவில் பிறந்துவிட்டு வெளியூரில் ஊசி வாங்குவதா என்று அவருக்கு ரோஷம். ருக்மணி மஞ்சளும் முட்டை வெள்ளையும் குழைத்துத் துணி சுற்றிவிட்டாள். பத்து நாளும் ஜன்னலோரக் கட்டில்தான். ஜன்னலுக்குக் கீழே டிராம் வந்து நிற்கும், மணியடித்துக் கிளம்பும், தெருமுனையில் வலப்பக்கம் திரும்பி மறையும். அந்த முனை வரைக்கும்தான் தணிகைவேலுடைய வியன்னா. அதற்கு அப்பால் இருந்ததையெல்லாம் மகளோடு போய்ப் பார்த்தவள் ருக்மணி. தினம் திரும்பி வந்ததும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லுவாள்.

ஊர் திரும்பியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எலும்புக்குக் கட்டுக் கட்டும் இடத்துக்குப் போனார். கட்டுகிறவர் காலை அமுக்கினார், திருப்பினார், இவர் முகத்தைப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் ஆவல பெரியவரே. வெறும் சுளுக்கு. மூணாம் நாளே எழுந்து நடந்திருக்கலாமே." தணிகைவேல் விடவில்லை, கட்டித்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டார். ஏரோப்ளேன் ஏறி வந்த காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வெளியில் சொல்ல முடியுமா இதை? சொல்லவில்லை. கால் கட்டோடு உட்கார்ந்திருந்தவரை நலம் விசாரிக்க வந்தவர்கள், வியன்னா எப்படி என்று கேட்டார்கள். ருக்மணி சொன்னதை இவர் சொன்னார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவர் கூடத்தில் பேசுவார், ருக்மணி அடுப்படியில் இருப்பாள். பேச்சு தடம் மாறினால் அங்கிருந்து ஒரு இருமல் வரும். இருமினால் தப்பு என்று அர்த்தம். "அரண்மன ஒரு தீவுல இருக்குது" என்பார், இருமல் வரும், "தீவுன்னா தண்ணி இல்ல, சுத்தியும் தோட்டம்" என்று திரும்பிக்கொள்வார். கூட்டம் நெரியும் பஸ்ஸில் சில்லறை கொடுத்துப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பார்த்தவள் அடுப்படியில் நிற்பதில் ருக்மணிக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் திருப்பதியிலிருந்து வேணு வந்தான். அங்கே சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறவன். சித்தூர் ஜில்லாக்காரர்களாகச் சேர்த்து ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று ஒரு டூர் போட்டிருந்தான். "கூட ஒரு அனுபவப்பட்ட பெரிய மனுஷர் வந்தா ஜனங்களுக்குத் தைரியமா இருக்கும் சார். அவருக்கு டிக்கெட்டு, ரூமு எல்லாம் நம்ம செலவு. மொதல்ல எங்க மீட்டிங்ல வந்து பேசுங்க. ஜனங்களுக்குப் பிடிச்சிட்டா அந்த சீட்டு உங்களுது" என்றான்.

தணிகைவேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகளிடம் போய் இன்னொரு தடவை கூப்பிடு என்று கேட்க அவருக்கு வாய் வராது. இந்த ஒரு சீட்டுக் கிடைத்தால், ஊரெல்லாம் கூவிக் கூவி விற்ற வியன்னாவைக் கண்ணால் பார்த்துவிடலாம். அந்தத் தெருமுனையைத் தாண்டிவிடலாம். அவ்வளவு ஆசை அவருக்கு. "நீ மூணாவது வரிசைல ஒக்காரு. தப்பா சொன்னா இருமு" என்று ருக்மணியிடம் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

திருப்பதியில் ஒரு ஓட்டல் மாடியில் மீட்டிங். சித்தூர், கங்காதர நெல்லூர், ஏர்பேடு என்று ஊர் ஊராக வந்திருந்தார்கள். ஐரோப்பாக் குளிர் இப்போதே பழகட்டும் என்று வேணு ஏ.சி.யைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தான். ஜனங்கள் முந்தானையையும் துண்டையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தணிகைவேல் மைக்கைப் பிடித்தார். பிடிக்கத் தெரிந்த கை. "எல்லாரும் முன்னால வாங்க, முன்னால எடம் இருக்குது" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். சிரிப்பு. அரைத் தெலுங்கும் அரைத் தமிழுமாகப் பேச்சு ஜோராகக் கிளம்பியது.

"ஞாயித்துக்கெழம அங்க கடை இருக்காது" என்றார்.

மூன்றாவது வரிசையில் இருமல்.

தணிகைவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாகச் சொல்வதாயிற்றே? "அதாவது, பெரிய கடை இருக்காது. சின்னக் கடை இருக்கும்." மறுபடி இருமல். "இல்ல... எல்லாக் கடையும் தொறந்துதான் இருக்கும். நம்மதான் போவக் கூடாது."

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பால, செவப்பு பொம்ம எரிஞ்சா ரோடு தாண்டக் கூடாது." இருமல். "தாண்டலாம். குனிஞ்சாப்ல ஓடிடணும்."

"தண்ணி கொழாய்லயே குடிக்கலாம்." இருமல், கூடவே தும்மல். தும்மலுக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. "குடிக்கலாம், ஆனா குடிக்கக் கூடாது" என்றார் தணிகைவேல். இந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

நகரியில் பவர்லூம் வைத்திருக்கிற செங்கல்வராயன் எழுந்தார். "பெரியவரே, வாய் ஒண்ணுதான இருக்குது உங்களுக்கு?"

வேணு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். சீட்டு கைநழுவிப் போவது தணிகைவேலுக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எது தப்பினாலும் இது தப்பாது என்று ஒரு விஷயத்தைப் பிடித்தார். "டிராம்ல ஏறினா டிக்கெட் எடுத்தே தீரணும்."

இருமல். நீளமான இருமல்.

தணிகைவேல் வாயைத் திறந்தார். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்க டிக்கெட், டிக்கெட் என்று கூவிய நாக்கு அது, புரள மறுத்துவிட்டது. "டிக்கெட்டு... எடுக்க..." என்று நின்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ருக்மணிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள். "அகிலா நைனா, இது சளி இருமல். இந்த ஏ.சி.ல எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. நீங்க மொதமொதல்ல சொன்னதெல்லாம் சரிதான்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள் பாருங்கள், ஏ.சி. சத்தமே கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெண்டாட்டி தொண்டையால் கெட்டது.

கங்காதர நெல்லூர் லட்சுமம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "அப்போ சரியா தப்பான்னு உனக்கு எப்படிமா தெரியும்? நீயும் போனியா?"

"போனேன்" என்றாள் ருக்மணி.

"எனக்கு முட்டி வலி. அரண்மனைக்கு ரொம்ப நடக்கணுமா, சொல்லு."

"அரண்மன சமதரைதான்கா. பின்னால தோட்டம் போயி ஒரு மேட்ல ஏறும். ஏறாதீங்க, கீழேர்ந்து பாத்தாலே அழகு. நான் பாதியிலயே பெஞ்சுல ஒக்காந்துட்டேன். ஒரு வெள்ளக்கார அம்மா வந்து பக்கத்துல ஒக்காந்தா. பாஷ தெரியல. ரெண்டு பேரும் அவங்கவங்க முட்டியக் காட்டிக் காட்டி சிரிச்சிக்கினு இருந்தோம்."

லட்சுமம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். காபிக் கடையில் ஒரே ஒரு காபி வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள் என்றாள். "கடைக்குள்ள போனதும் வணக்கம் சொல்லிட்டுத்தான் பேசணும். அவங்க வணக்கத்துலயே சாமி பேரு இருக்குது. மல ஏறும்போது எதிர்ல வர்றவங்களப் பாத்து கோவிந்தான்னு சொல்றோமே, அப்படி." திருப்பதி ஜனங்களுக்கு அது ஒன்று போதுமே. வியன்னா அந்த நிமிஷமே சொந்த ஊராகிவிட்டது.

செங்கல்வராயனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "எல்லாத்தையும் நீயே பாத்தியே, பெரியவரு எங்க இருந்தாரு?"

ருக்மணி கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. "அவரு எப்பவும் எங்களுக்கு முன்னால போயிடுவாரு. வேகமான நட."

தணிகைவேல் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் சீட்டு இன்னும் கிடைக்கலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால், இரண்டு வருஷம் அடுப்படியில் நின்றவள், இவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"நான் கட்டில்ல இருந்தேன்" என்றார். சறுக்கியது, வீங்கியது, சுளுக்குக்குக் கட்டுக் கட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் வேணுவைப் பார்த்து, "அந்த சீட்ட இவளுக்குக் குடுப்பா. பாத்தவ இவதான்" என்றார். வேணு ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தான்.

புத்தூர் பஸ்ஸில் வரும்போது ருக்மணி மெல்லக் கேட்டாள். "கோவமா?"

"கோவம் இல்ல. வயித்தெரிச்சல்" என்றார் தணிகைவேல். ருக்மணி சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

சீசன் வந்தது, ருக்மணி கிளம்பினாள். ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறும்போது அவர் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான். "ரப்பர் செருப்போட வெளிய போவாத."

அதற்குப் பிறகும் யோசனை கேட்டு ஜனங்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "பாத்தவ ஊர்ல இல்ல. சாயந்திரம் போன் பண்ணுவா, ஒக்காருங்க" என்பார். தானே கலந்த காபியையும் கொடுப்பார். அதைக் குடித்தவர்கள் மறுநாள் வருவதில்லை.

ஒரு சாயந்திரம் ருக்மணி வீடியோவில் வந்தாள். அன்று டூர்காரர்களுக்கு லீவு, அகிலா வந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். "உங்க ஜன்னலுக்குக் கீழதான் நிக்கிறேன். நீங்க விழுந்த படிய பாருங்க" என்று காட்டினாள். பனியெல்லாம் இல்லை, நல்ல வெயில். படி சாதுவாக இருந்தது.

"ருக்கு, அந்த டிராம் திரும்புற முனைக்குப் போ" என்றார் தணிகைவேல்.

"அங்க ஒண்ணுமில்ல. விடுங்க."

"போமே."

அவள் தயங்கினாள். அப்புறம் நடந்தாள். போனுக்குள் தெரு ஆடிக்கொண்டே வந்தது. முனை வந்தது. வலப்பக்கம் திரும்பினாள்.

பெரிய இரும்புக் கேட். உள்ளே தண்டவாளம் பத்தாகப் பிரிந்து போனது. சிவப்பும் வெள்ளையுமாக டிராம் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யூனிபாரம் போட்ட இரண்டு பேர் சுவர் ஓரமாக நின்று, கையில் கப்போடு, யாரையோ திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டிப்போ" என்றார் தணிகைவேல். பத்து நாள், கூப்பிடு தூரத்தில் டிப்போ. "இத அப்பவே ஏன்மே எங்கிட்ட சொல்லல? எல்லாத்தையும் சொன்னியே."

"சொல்லியிருந்தா, அந்தக் காலோட தவழ்ந்துக்கினே போயிருப்பீங்க" என்றாள் ருக்மணி. "வெறும் சுளுக்குன்னு எனக்கு அப்பத் தெரியாதே."

தணிகைவேல் தன் வலது காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். வந்தவர்கள் காபியோடு காத்திருந்தார்கள்.

"கேட் பக்கத்துல போயி நில்லு" என்றார். "வண்டிய இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு."